பேருந்து ஓடுவதும் சாலையில்தான்: மெட்ரோ கட்டும் அரசு சாலைக்கும் ஏன் செலவிட வேண்டும்?

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் மூன்று வழித்தடங்களில் 118.9 கி.மீ. நீளத்துக்கு நடக்கின்றன. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதே நகரத்தில், அண்ணா சாலையில் தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த இடத்தில் தரைக்கு அடியில் முதல் கட்ட மெட்ரோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ரயில், நடுவே பழைய சாலை, மேலே புதிய சாலை என்று ஒரே தடத்தில் மூன்று அடுக்குச் செலவு.

இந்தச் செய்திகளைச் சேர்த்துப் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. மெட்ரோ வந்தால் சாலை நெரிசல் குறையும் என்றுதானே சொன்னார்கள்? பிறகு சாலைக்கு எதற்குப் பணம்? மறுபக்கம், எங்கள் தெருவில் குழியை மூட ஆள் இல்லை, மெட்ரோவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கோடியா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சாலையையும் பொதுப் போக்குவரத்தையும் ஒரே பணத்துக்குப் போட்டியிடும் எதிரிகளாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பொதுப் போக்குவரத்தின் பெரும்பகுதி சாலையின் மேல்தான் நடக்கிறது. எனவே அரசு இரண்டுக்கும் செலவிட வேண்டும். ஆனால் எந்தச் சாலை, யாருக்கான சாலை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

யார் எதில் போகிறார்கள்?

சென்னை மெட்ரோவில் நாளொன்றுக்கு ஏறுவோர் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளில் ஏறுவோர் முப்பது லட்சத்துக்கு மேல். ரயில் ஒரு பங்கு என்றால் பேருந்து பத்துப் பங்கு. இரண்டாம் கட்டம் முழுமையாக முடிந்து மெட்ரோப் பயணிகள் பல மடங்கு பெருகினாலும், வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போக அவர்களுக்கும் ஒரு சாலை வேண்டும்.

சாலைகளின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு கணக்கு கிடைக்கிறது. சென்னை மாநகராட்சி பராமரிக்கும் பேருந்துத் தடச் சாலைகளின் மொத்த நீளம் சுமார் 400 கி.மீ. உட்புறச் சாலைகளின் நீளம் 5,000 கி.மீ.க்கும் மேல். நெடுஞ்சாலைத் துறையின் கையிலுள்ள பெரிய சாலைகள் இந்தக் கணக்கில் சேராது. அதாவது, மாநகராட்சிச் சாலைகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு சிறு வலைதான் நகரத்தின் பேருந்துப் பயணத்தில் பெரும் சுமையைத் தாங்குகிறது. இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டால் சாலைச் செலவு பற்றிய பாதி விவாதம் தெளிந்துவிடும். எல்லாச் சாலைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

பொறியாளர்கள் சாலைகளைப் பயன்பாட்டின்படி பிரிப்பார்கள். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போகும் பிரதான சாலை, அதிலிருந்து பிரிந்து பகுதிகளுக்குள் வரும் இணைப்புச் சாலை, வீட்டு வாசலைத் தொடும் தெரு. கிராமப்புறத்தில் மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஊராட்சிச் சாலை. பிரதான சாலை ஓட்டத்துக்காக, தெரு போய்ச் சேர்வதற்காக. இடையிலுள்ள இணைப்புச் சாலை இரண்டையும் கோத்துக் கொடுக்கிறது. இதுதான் எப்போதும் கவனிப்பின்றிக் கிடப்பது. சிற்றுந்தும் ஷேர் ஆட்டோவும் பள்ளி வேனும் ஓடுவது பெரும்பாலும் இதில்தான்.

சாலை கெட்டால் பேருந்து எண்ணிக்கை குறையும்: ஒரு கணக்கு

குண்டும் குழியுமான சாலையில் பேருந்து மெதுவாகப் போகும், பயணிகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிப்பு அதைவிட ஆழமானது. 20 கி.மீ. நீளமுள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் பத்து நிமிட ஓய்வு.

1. சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் ஒருவழிப் பயணம் 60 நிமிடம். ஓய்வோடு சேர்த்து ஒரு சுற்று 140 நிமிடம். பத்து நிமிட இடைவெளிக்கு 14 பேருந்துகள் போதும்.

2. வேகம் மணிக்கு 12 கி.மீ. ஆகக் குறைந்தால் ஒருவழிப் பயணம் 100 நிமிடம், ஒரு சுற்று 220 நிமிடம். அதே இடைவெளிக்கு 22 பேருந்துகள் வேண்டும்.

3. கழகத்திடம் கூடுதலாக எட்டுப் பேருந்துகள் இல்லை. ஓட்டுநரும் நடத்துநரும் இல்லை. எனவே அதே 14 பேருந்துகள்தான் ஓடும். இடைவெளி கிட்டத்தட்ட 16 நிமிடமாக நீளும்.

4. பத்து நிமிடத்தில் ஏற வேண்டிய கூட்டம் பதினாறு நிமிடத்துக்குச் சேர்கிறது. ஏறி இறங்க நேரம் கூடுகிறது. வேகம் மேலும் குறைகிறது. இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும், பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே வராததும் இப்படித்தான் நிகழ்கின்றன.

5. காத்திருந்து சலித்தவர் தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறார். சாலையில் ஒரு வண்டி கூடுகிறது. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களாக இருப்பதில் இந்தச் சலிப்புக்கும் பங்கு உண்டு.

ஆக, பேருந்துத் தடத்தைச் சீர்செய்யும் செலவு, புதிய பேருந்து வாங்குவதற்கு ஒப்பான செலவு. மேலே சொன்ன தடத்தில் வேகத்தை 12-லிருந்து 20-க்கு உயர்த்தினால், ஒரு பேருந்துகூட வாங்காமல் எட்டுப் பேருந்துகள் மிச்சம். ஓட்டுநர் சம்பளமும் டீசலும் கூடவே மிச்சம். நிதிநிலை அறிக்கையில் சாலை ஒரு தலைப்பிலும் பேருந்து வேறொரு தலைப்பிலும் இருப்பதால் இந்த உறவு யார் கண்ணிலும் படுவதில்லை.

பேருந்தின் எடையும் சாலையின் ஆயுளும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தனியாகப் போட்ட சாலைகளில் வெவ்வேறு எடையுள்ள லாரிகளை இடைவிடாமல் ஓட்டி, எது எவ்வளவு சேதம் செய்கிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்தது 'நான்காம் அடுக்கு விதி'. ஓர் அச்சின் மேல் ஏறும் எடை இரட்டிப்பானால், சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு (2×2×2×2) மடங்காகும். துல்லியமான இயற்கை விதி அன்று, தோராயமான அனுபவ விதி. இருந்தும் உலகெங்கும் சாலை வடிவமைப்பு இன்றுவரை இதை ஒட்டித்தான் நடக்கிறது.

ஒரு சிறிய காரின் அச்சு எடை முக்கால் டன் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் நிறைந்த பேருந்தின் பின்னச்சு ஏறக்குறைய 10 டன். கணக்குப் போட்டால் பேருந்தின் அந்த ஓர் அச்சு, காரின் ஓர் அச்சைவிட முப்பதாயிரம் மடங்கு சேதம் செய்கிறது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று கார்களின் இடத்தில் பேருந்து போய்விடும். சாலையின் இடத்தை அது மிச்சப்படுத்துகிறது, ஆனால் சாலையின் பலத்தைக் கேட்கிறது. பொதுப் போக்குவரத்து வேண்டும் என்று கேட்பவர், கனமான அடித்தளமுள்ள சாலை வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறார். மத்திய அரசு 2018-இல் ஒற்றை அச்சுக்கான எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்க்கச் சிறிய உயர்வு. நான்காம் அடுக்கு விதிப்படி, வரம்புவரை ஏற்றிச் செல்லும் வண்டி செய்யும் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. ஏற்கெனவே போட்ட சாலைகள் எல்லாம் பழைய எடைக்குக் கணக்கிட்டவை.

இதன் விளைவை எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் பார்க்கலாம். வண்டிகள் பிரேக் போட்டு நின்று, மறுபடி உந்திக் கிளம்பும் இடம் அது. கோடை வெயிலில் தார் இளகியிருக்கும்போது சக்கரம் அதை முன்னே தள்ளுகிறது. சில மாதங்களில் தார் அலையலையாகக் குவிந்து, சக்கரம் படும் தடம் வாய்க்கால்போல் குழிகிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஓட்டுநர் அதைத் தவிர்த்து வண்டியை ஓரத்திலிருந்து தள்ளி நிறுத்துவார். முதியவர் நடைபாதையிலிருந்து நேராகப் படியில் ஏற முடியாமல், சாலையில் இறங்கி, உயரமான படியைப் பிடித்து ஏற வேண்டும். இதற்கிடையில் இடப்பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் நுழையும். நிறுத்தப் பகுதியை மட்டும் கான்கிரீட்டில் போட்டால் இதில் பெரும்பாதி தீர்ந்துவிடும். உலகின் பல நகரங்களில் நெடுநாளாக உள்ள நடைமுறை இது.

தாழ்தளப் பேருந்து விவகாரம் இதே முடிச்சைக் காட்டியது. மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடிய, தரையிலிருந்து 400 மி.மீ. உயரத் தளமுள்ள பேருந்துகளையே வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, எல்லாத் தடங்களிலும் அவற்றை ஓட்ட முடியாது என்பதற்கு அரசுத் தரப்பு காட்டிய காரணங்களில் சாலைகளின் நிலையும் ஒன்று. மழைநீர் தேங்கும் சாலை, தாறுமாறான வேகத்தடை, எகிறி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குப் பேருந்து கிடைக்காமல் போனதற்குக் காரணம் பேருந்தில் மட்டும் இல்லை, சாலையிலும் இருந்தது. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. அவை எத்தனை தடங்களுக்குப் பரவும் என்பதைச் சாலைதான் முடிவு செய்யும்.

வலுவான எதிர்வாதம்: சாலை போட்டால் கார் பெருகும்

சாலைச் செலவை எதிர்ப்பவர்களிடம் ஓர் அசைக்க முடியாத சான்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது நேர்மையாகாது.

'தூண்டப்பட்ட தேவை' என்று பொருளாதாரத்தில் சொல்வார்கள். சாலையை அகலப்படுத்தினால் ஓட்டம் சுலபமாகிறது. சுலபமானதும், இதுவரை கிளம்பாதவர்கள் கிளம்புகிறார்கள், பேருந்தில் போனவர்கள் காருக்கு மாறுகிறார்கள், நகருக்கு வெளியே தூரமாக வீடு வாங்குகிறார்கள். சில ஆண்டுகளில் சாலை பழையபடி நிரம்பிவிடுகிறது. ஜில் டுரண்டன், மேத்யூ டர்னர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2011-இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, நகர நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டினார்கள். ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலையைப் பக்கச் சாலைகளோடு சேர்த்து 26 வண்டித் தடங்கள் (லேன்) வரை அகலப்படுத்தியும் நெரிசல் திரும்பி வந்தது.

இதே ஆய்வின் இன்னொரு முடிவைப் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவதில்லை. பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் சாலையில் வண்டி ஓட்டம் குறைவதாக அவர்களுக்குத் தென்படவில்லை. காரணம் அதேதான். பத்துப் பேர் காரை விட்டு ரயிலுக்குப் போனால், காலியான இடத்தைப் புதிதாகப் பத்துப் பேர் நிரப்புகிறார்கள். மெட்ரோ வந்தால் நெரிசல் ஒழியும் என்ற வாக்குறுதியும் மேம்பாலம் வந்தால் நெரிசல் ஒழியும் என்ற வாக்குறுதியும் ஒரே அளவுக்குப் பலவீனமானவை.

அப்படியானால் செலவிடுவது எதற்கு? நெரிசலை ஒழிப்பதற்காக அன்று. நெரிசல் இருக்கும்போதும் மனிதர்கள் நகர வேண்டும் என்பதற்காக. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் தரும் வழிகாட்டி அளவுகளின்படி, சாலையின் ஒரு வண்டித் தடத்தில் கார்கள் மட்டும் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் கடக்கலாம். அதே தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். ஒரு சதுர அடி நிலம்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. ஓட்டத்தை எண்ணும்போது வண்டியை விட்டுவிட்டு மனிதரை எண்ணியதில் வந்த வேறுபாடு இது.

இந்த அளவுகோலைத் தொடக்கத்தில் சொன்ன அண்ணா சாலை உயர்மட்டச் சாலையின் மேல் வைத்துப் பாருங்கள். அது ஏழு சிக்னல்களைத் தாண்டி வண்டிகளைக் கொண்டுபோய் விடும். ஆனால் மேலே ஏறிய பேருந்து நடுவில் எங்கும் நிற்க முடியாது. நிறுத்தங்கள் கீழே இருக்கின்றன. நின்று நின்று போக வேண்டிய பேருந்து தூண்களுக்கு இடையில், ஒடுங்கிய பழைய சாலையிலேயே போகும். நேராகப் போகும் காருக்குத்தான் ஆதாயம். மேம்பாலம் என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. ரயில்வே கேட்டுக்கு மேலே கட்டும் பாலம் எல்லாருக்கும் பயன்படுகிறது, அதில் பேருந்தும் ஆம்புலன்சும் காத்திருக்காமல் போகின்றன. ஆனால் பரபரப்பான பேருந்துத் தடத்தின் தலைக்கு மேல், நிறுத்தமே இல்லாத ஒரு சாலையைப் போடுவதற்கு 621 கோடி செலவாகும்போது, அதே தொகையில் எத்தனை கி.மீ. பேருந்துத் தடத்தைச் சீராக்கியிருக்கலாம் என்ற கேள்வியை எழுப்ப நமக்கு உரிமை உண்டு.

சிங்கப்பூர் இதில் கவனிக்கத்தக்க பாடம். 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்த நாடு, 1990 முதல் கார் வாங்குவதற்கே உரிமச் சான்று ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று வைத்த நாடு அது. ரயில் பாதைகளை இடைவிடாமல் கட்டிக்கொண்டே இருக்கிறது. இருந்தும் சாலை போடுவதை நிறுத்தவில்லை. வடக்கு–தெற்கு நெடுவழி என்று 21.5 கி.மீ. நீளத்தில் கட்டும் சாலையை, முதலில் வெறும் விரைவுச் சாலையாகத் திட்டமிட்டு, பிறகு தொடர்ச்சியான பேருந்துத் தடமும் மிதிவண்டிப் பாதையும் சேர்த்து மாற்றி வடிவமைத்தார்கள். காரைக் கட்டுப்படுத்துவதும் சாலைக்குச் செலவிடுவதும் அங்கே ஒரே கொள்கையின் இரண்டு பகுதிகள்.

டெல்லியில் நடந்தது நேர்மாறு. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. பேருந்துத் தனித்தடம் 2008-இல் திறக்கப்பட்டது. சாலைச் சந்திப்புகளில் சிக்னல் ஏற்பாடு சரியில்லை, தடத்துக்குள் மற்ற வண்டிகள் புகுந்தன, கார் வைத்திருப்பவர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. சில ஆண்டுகளில் அது இடித்து அகற்றப்பட்டது. வலையாக விரியாமல் ஒரு துண்டுத் தடமாக நின்றதும் அதன் பலவீனம்.

நடைபாதையும் சாலைதான்

பேருந்தோ ரயிலோ, எந்தப் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிமுறைப்படி நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் அகலம் அது. மின்மாற்றிப் பெட்டியும் கடையின் படிக்கட்டும் நிறுத்திய வண்டியும் போக நம் தெருக்களில் மிஞ்சுவது எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

இணைப்புச் சாலையும் நடைபாதையும் இல்லாத ரயில் என்னவாகும் என்பதற்குச் சென்னையின் பறக்கும் ரயில் சாட்சி. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை 1997-இலும் வேளச்சேரி வரை 2007-இலும் வந்த பாதை அது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகிறது. பிரம்மாண்டமான நிலையங்களைக் கட்டினார்கள். நிலையத்துக்குப் போகும் சாலையையும், வாசலில் வந்து நிற்கும் பேருந்தையும், இருட்டிய பிறகு ஒரு பெண் தைரியமாக நடக்கும் பாதையையும் யோசிக்கவில்லை. கட்டிய திறனில் சிறு பகுதிதான் பல ஆண்டுகள் பயன்பட்டது.

சென்னையின் தென்புறநகரிலுள்ள கிளாம்பாக்கம் இன்னும் அண்மைய உதாரணம். தென்மாவட்டப் பேருந்துகளுக்கான பெரிய முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நகரின் நடுவிலிருந்த நெரிசலை வெளியே கொண்டுபோகும் நோக்கம் சரியானதே. ஆனால் திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடும் குழந்தையோடும் வந்து இறங்குகிறவர் நகருக்குள் வர ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) நெடுஞ்சாலையையே நம்ப வேண்டியிருந்தது. முனையம், சாலை, ரயில், நடைமேம்பாலம் நான்கையும் நான்கு அமைப்புகள் நான்கு கால அட்டவணையில் கட்டினால் இடைவெளியில் விழுவது பயணிதான்.

நகரத்துக்கு வெளியே: சாலை மட்டும் போதாது, சாலை இல்லாமலும் ஆகாது

2000 டிசம்பர் 25 அன்று பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளை எல்லாப் பருவத்திலும் தாங்கும் சாலையால் இணைப்பது நோக்கம். போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இந்திய நிர்வாகத்தில் அபூர்வமான நல்ல நிபந்தனைகளில் ஒன்று அது.

அந்தச் சாலைகள் என்ன செய்தன? சாம் ஆஷர், பால் நோவோசாத் இருவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பார்ப்புகளைக் கலைத்தது. சாலை வந்த கிராமங்களில் விவசாயக் கூலி வேலையிலிருந்து வேறு வேலைகளுக்குப் போனவர்கள் கணிசமாகக் கூடினார்கள். ஆனால் பயிர்முறையிலோ வருமானத்திலோ சொத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. இதே ஆய்வாளர்கள் அஞ்சலி அடுகியாவுடன் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில், சாலை வந்தபின் நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை கூடியது தெரிந்தது. அதாவது சாலை கிராமத்துக்குள் செல்வத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை, மனிதர்களை வெளியே போக வைத்தது.

வெளியே போக வண்டி வேண்டுமே. இங்கேதான் தமிழ்நாட்டின் அனுபவம் முக்கியம். 1972-இல் பேருந்துகளை அரசுடைமையாக்கிப் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கிய மாநிலம் இது. 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அதனால் ஒரு பெண் மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் சேமிக்கிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2025 ஜூனில் விரிவான மினி பஸ் திட்டம் புதிதாகத் தொடங்கியது. சொந்த வண்டி இல்லாத பெண்ணுக்குச் சாலையின் பயன் இந்தப் பேருந்துகள் வழியாகத்தான் வந்து சேர்கிறது.

ஆனால் பேருந்து ஊருக்குள் வரச் சாலை இடம் கொடுக்க வேண்டும். ஊரகச் சாலைத் திட்டத்தில் தார்ப் பரப்பின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். பேருந்தின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர். எதிரே ஒரு நெல் லாரி வந்தால் இரண்டில் ஒன்று மண் ஓரத்தில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த ஓரம் அரித்துப் போயிருக்கும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போனால் அன்றைக்குப் பேருந்து இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்ப இடம் இல்லையென்றால் ஊருக்கு முந்தைய கூட்டுரோட்டிலேயே பேருந்து திரும்பிவிடும். ஓரத்தைக் கெட்டிப்படுத்துவதும், எதிர்வண்டிக்கு ஒதுங்க ஆங்காங்கே இடம் விடுவதும், தரைப்பாலத்தை உயர்த்துவதும், முனையில் திருப்புமிடம் அமைப்பதும் சிறு வேலைகள். எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்ட வராத வேலைகள். பேருந்து வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பவை இவையே.

சாலையே இல்லாத இடத்தில் நிலைமை என்ன என்பதை 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலை காட்டியது. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. குழந்தை இறந்த பிறகு, உடலை ஏற்றி வந்த ஆம்புலன்சும் மலைக்கிராமம் வரை போக வழியில்லாமல், தாய் பிள்ளையைக் கையில் ஏந்தி நடந்தார். பயணிகள் எண்ணிக்கை, செலவு–பலன் விகிதம் என்று எந்தக் கணக்கைப் போட்டாலும் அல்லேரிக்குச் சாலை கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகாத இடத்துக்கும் சாலை போடுவதற்குத்தான் அரசு என்று ஒன்று இருக்கிறது.

ஏன் அரசே செலவிட வேண்டும்? தனியார் போடலாமே?

1. சுங்கச்சாவடி வைத்துக் காசு வசூலிப்பது வண்டி நெருக்கமுள்ள நெடுஞ்சாலையில்தான் பலிக்கும். இணைப்புச் சாலையிலும் ஊராட்சிச் சாலையிலும் வசூல் செலவுக்கே வசூல் போதாது.

2. சாலையின் பலன் அதில் போகிறவரோடு நிற்பதில்லை. ஓரத்து நிலத்தின் விலை ஏறுகிறது, கடைக்குச் சரக்கு வருகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. இவர்கள் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. நிலமதிப்பு உயர்வில் ஒரு பகுதியைப் பத்திரப் பதிவு வழியாகத் திரும்பப் பெற அரசால் மட்டுமே முடியும்.

3. நில எடுப்பு அதிகாரம் அரசிடம் மட்டுமே உண்டு. அகலம் தேவைப்படும் ஓரிரு நூறு மீட்டருக்காக ஒரு முழுத் தடம் முடங்கிக் கிடப்பது இதனால்தான் அடிக்கடி செய்தியாகிறது.

பணம் ஏற்கெனவே மக்களிடமிருந்து வருகிறது. பெட்ரோல், டீசலில் விதிக்கும் மேல்வரி மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதிக்குப் போகிறது. பேருந்து டீசலுக்கும் அந்த வரி உண்டு.

பணம் எங்கே கசிகிறது?

புதிதாகப் போடுவதற்குக் கிடைக்கும் நிதி, போட்டதைக் காப்பதற்குக் கிடைப்பதில்லை. தார்ச் சாலையின் மேற்பரப்பில் வெடிப்பு தோன்றியதும் அடைத்துவிட்டால் செலவு சொற்பம். தண்ணீர் உள்ளே இறங்கி ஜல்லி அடுக்கு இளகிய பிறகு முழுவதையும் தோண்டிப் போட வேண்டும். தாருக்குப் பெரும் பகை தண்ணீர். வடிகால் இல்லாத சாலைக்குச் செலவிடும் பணம் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் போய்விடும்.

பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போவது இன்னொரு பழக்கம். சாலை உயர உயர வீடுகள் பள்ளமாகி, மழைநீர் வாசலுக்குள் வருகிறது. சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தலைமைச் செயலர் 2021-இல் அறிவுறுத்த வேண்டியிருந்தது. போட்ட சில வாரங்களில் குடிநீர்க் குழாய்க்கோ மின்கம்பிக்கோ தோண்டுவது எல்லா ஊரிலும் உள்ள கதை. தோண்டிய பள்ளத்தைச் சரியாக இறுக்காமல் மேலே ஒட்டுப் போட்டால் முதல் மழையில் அது உள்வாங்கும். பிறகு நான்காம் அடுக்கு விதி தன் வேலையைச் செய்யும்.

இவற்றின் வேர், யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லாதது. சென்னையில் ஒரே பேருந்து மாநகராட்சிச் சாலையில் கிளம்பி, நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் திரும்பி, தேசிய நெடுஞ்சாலையில் ஏறுகிறது. இவர்களை ஒன்றிணைக்கவே ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அது உயிர்பெற்றுச் செயல்படவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2025-இல் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் வந்தது நல்ல தொடக்கம். அடுத்து, பேருந்துத் தடச் சாலையை எப்போது தோண்டலாம், எந்தத் தரத்தில் போட வேண்டும், நிறுத்தம் எங்கே அமைய வேண்டும் என்பதில் இறுதிச் சொல் அந்தக் குழுமத்துக்கு இருக்க வேண்டும். பேருந்து ஓட்டும் கழகத்தைக் கேட்காமல் பேருந்துச் சாலைக்கு டெண்டர் விடக்கூடாது.

தொகை பெரிதாயிற்றே என்ற கவலைக்கு ஒரு கணக்கு. இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு கி.மீ. செலவு சராசரியாக 530 கோடி ரூபாய். மாநகராட்சியின் 400 கி.மீ. பேருந்துத் தடங்களுக்குக் கி.மீ.க்கு ஐந்து கோடி வீதம், வடிகால், நடைபாதை, கான்கிரீட் நிறுத்தம் எல்லாம் சேர்த்து ஒதுக்குவதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,000 கோடி. நான்கு கி.மீ. மெட்ரோவின் செலவைவிடக் குறைவு.